இருதயத் தளர்ச்சியை இல்லத்திலேயே இனங்காணுதல்

மனித சரீரத்தைத் தாக்கும் வியாதிகளில் வலியோடு வருபவை, அந்த வலியின் காரணமாகவே, உடனே கவனிக்கப்பட்டுவிடுகின்றன. மாரடைப்பின் வேதனை நெஞ்சை இறுக்கும்போது, எத்தனை பிடிவாதக்காரரும் வைத்தியசாலைக்குப் போக மறுப்பதில்லை. ஆனால் இருதயம் தன் பலத்தைச் சிறுகச் சிறுக இழந்து, உடம்பின் தேவைக்கு ஈடுகொடுத்து இரத்தத்தை இறைக்க இயலாமற் போய், அதன் பயனாக நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் தேங்கத் தொடங்குகிற இருதயச் செயலிழப்புக்குப் பெரும்பாலும் வலி கிடையாது. இருதயம் திடீரென்று நின்றுவிடுகிற நிலையும் இதுவன்று. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் வருஷக்கணக்கிலும் கூட, இது மெல்ல வளர்கிறது. அப்படி வளரும்போதே நோயாளியானவர் தம்மையும் அறியாமல் தம் அன்றாட வாழ்க்கையை நோயின் அளவுக்குக் குறுக்கிக்கொண்டு வருவதால், அவரும் நலமாக இருப்பதாகவே எண்ணுகிறார், வீட்டாரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். மாடிக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒருவருக்கு மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை அல்லவா? ஆகையால் இந்த நோயை இனங்காண விரும்புகிறவர்கள், ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்?’ என்றும் கேட்கப் பழக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவே.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன், உள்ளே நடப்பது இன்னதென்று சிறிது அறிந்துகொள்வது நல்லது. காரணம் விளங்கினால் லட்சணங்கள் தாமே நினைவில் நிற்கும். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதனின் இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. உழைக்கும்போது ஆரோக்கியமான இருதயம் அதை நான்கு மடங்காகக் கூடப் பெருக்கிக் கொடுக்கும். தளர்ந்த இருதயத்துக்கு அந்தக் கூடுதல் சக்தி இல்லை. அதன் இடப்பாகம் நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை முழுவதும் தள்ள முடியாமல் திணறும்போது, வடிகால் மதகு அடைபட்ட வயலில் தண்ணீர் வரப்பு மட்டம் ஏறி நிற்பதைப் போல, நுரையீரலின் நாளங்களில் அழுத்தம் ஏறி, நீர் மூச்சறைகளுக்குள் கசிகிறது. அதுவே மூச்சுத் திணறல். வலப்பாகம் திணறும்போது, உடம்பெங்கும் இருந்து திரும்பி வரும் இரத்தம் தேங்கி, கால்களும் கல்லீரலும் குடலும் நீர் கோத்துக்கொள்கின்றன. இதற்கிடையே, தம்மை வந்தடையும் இரத்தம் குறைந்ததைக் காணும் சிறுநீரகங்கள், உடம்பில் நீர் வற்றிவிட்டதென்று தவறாகக் கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கின்றன. ஏற்கெனவே அதிகமாக இருக்கிற நீருக்கு மேலும் நீர் சேர்கிறது. உப்பைக் குறைக்கும்படியும் நீர் மாத்திரையை விடாமல் சாப்பிடும்படியும் வைத்தியர்கள் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

அறிகுறிகளில் முதன்மையானது, வேலை செய்யும்போது மூச்சு வாங்குவது. இதை எடைபோடுவதில் பலரும் தவறு செய்கிறார்கள். அறுபது வயதுக்காரர் தமக்கு மூச்சு வாங்குவதை முப்பது வயது மகனோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘வயதாகிவிட்டது, அவ்வளவுதான்’ என்று சமாதானம் அடைகிறார். ஒப்பிட வேண்டியது மகனோடு அன்று. சென்ற பொங்கலின்போது தாம் இருந்த நிலையோடு. சென்ற வருஷம் ஒரே மூச்சில் ஏறிய கோயிற் படிகளில் இந்த வருஷம் இரண்டு இடத்தில் உட்கார நேர்ந்தால், கடைத்தெரு வரை நடந்தவர் இப்போது தெருமுனையிலேயே யாரிடமோ பேசுவது போல நின்று ஆசுவாசப்படுத்திக்கொண்டால், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுத்த வீட்டாரோடு பேசிவந்த அம்மாள் இப்போது குடத்தை இறக்கி வைத்த பிறகே வாய் திறந்தால், அந்த மாறுதலை வயதின் கணக்கில் எழுதிவிடலாகாது; வயது ஒருவரை ஆறு மாதத்தில் அவ்வளவு தூரம் தள்ளிவிடுவதில்லை. குனியும்போது மட்டும் மூச்சு முட்டுவது இன்னொரு விதம். விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலம் போடுகையில், அல்லது செருப்பு வாரை மாட்டக் குனிகையில், அரை நிமிஷத்துக்குள் மூச்சு முட்டி நிமிர வேண்டியிருந்தால், அது இருதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பெரிய கோலம் சின்னக் கோலமாகி, சின்னக் கோலம் மருமகளின் பொறுப்பாகிவிட்டது என்றால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் அதன் காரணத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

வைத்தியர்கள் இந்த மூச்சுத் திணறலை நான்கு படிகளாக வகுத்திருக்கிறார்கள்; நியூயார்க் இருதய சங்கத்தார் 1928-ல் ஏற்படுத்திய அந்த வகுப்பு முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. சாதாரண வேலைகளில் எந்தச் சிரமமும் தோன்றாதது முதற்படி. சாதாரண வேலையிலேயே சற்றுச் சிரமம் காண்பது இரண்டாவது. குளிப்பது, உடை மாற்றுவது போன்ற சிறு வேலைகளிலும் மூச்சு வாங்குவது மூன்றாவது. சும்மா உட்கார்ந்திருக்கையிலும் திணறுவது நான்காவது. பெரும்பாலோர் வைத்தியரிடம் வருவது மூன்றாம் படியில்தான். இரண்டாம் படியிலேயே வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

அடுத்து, ராத்திரியைக் கவனிக்க வேண்டும். பகலில் தெளிவில்லாமல் இருப்பது பல நோயாளிகளிடம் இரவில் தெளிவாகிவிடுகிறது. மட்டமாகப் படுத்தால், பகலெல்லாம் கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த நீர் இரத்தத்தோடு கலந்து நெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. தளர்ந்த இருதயம் அந்தச் சுமையைத் தாங்காமல், சில நிமிஷங்களிலேயே மூச்சு முட்டுகிறது. உடனே மனிதர் தலையணையை உயர்த்திக்கொள்கிறார். ஒரு தலையணை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. பிறகு சுவரோரமாகச் சாய்ந்து படுக்கிறார். இறுதியில், ‘எனக்கு இதுதான் சௌகரியம்’ என்று சொல்லிச் சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழிக்கத் தொடங்குகிறார். இவற்றில் எந்த மாறுதலையும் அவராக வந்து சொல்லமாட்டார். அது ஒரு நோயின் அடையாளம் என்றே அவருக்குத் தெரியாது. படுக்கையை விரிப்பவர்கள்தாம் தலையணைகளை எண்ண வேண்டும்.

இதனினும் பயங்கரமானது, நன்றாக நித்திரை வந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆனபின், திடுக்கிட்டு எழச் செய்யும் மூச்சுத் திணறல். நோயாளி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். அல்லது எழுந்து போய் ஜன்னலைத் திறந்து காற்றுக்காக நிற்கிறார். உடம்பெல்லாம் வியர்க்கிறது, இருமல் வருகிறது, சிலருக்கு மார்பில் விசில் போன்ற ஒலியும் கேட்கிறது. கால் மணியோ அரை மணியோ கழிந்தபின் அது தணிந்துவிடுவதால், காலையில் அதைக் கெட்ட கனவென்றோ, இரவில் உண்ட ஆகாரத்தின் வாயு என்றோ மறந்துவிடுகிறார்கள். மறக்கத்தக்கதன்று அது. இருதயச் செயலிழப்பை அடையாளம் காட்டுவதில் இவ்வளவு உறுதியான லட்சணங்கள் மிகச் சிலவே உண்டு. ஒரே ஒரு முறை வந்தாலும் மறுநாளே வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இரவில் இளைப்பு வருவதுண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்களிற் பலருக்கு இளம் வயதிலிருந்தே தும்மல், ஒவ்வாமை, பருவத்துக்குப் பருவம் வரும் இளைப்பு என்று ஒரு சரித்திரம் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டும்வரை இளைப்பென்றால் என்னவென்று அறியாத ஒருவருக்கு, அதிலும் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவருக்கு, புதிதாக ‘ஆஸ்துமா’ வந்திருப்பதாக யாராவது சொன்னால், இருதயத்தைச் சோதித்துப் பார்க்காமல் அதை ஒப்புக்கொண்டுவிடக் கூடாது.

கால் வீக்கம் எல்லோரும் அறிந்த அறிகுறி. அறிந்திருந்தும் சரியாகப் பார்க்கப்படாத அறிகுறி. புடைவையும் வேட்டியும் கணுக்காலை மறைத்துவிடுகின்றன. கொலுசு இறுகுவது, மெட்டியைக் கழற்ற முடியாமல் சோப்பு நுரை தேவைப்படுவது, செருப்பின் வார் பதிந்த தடம் மாலையில் ஆழமாகத் தெரிவது, பாவாடை நாடாவின் முடிச்சு ஒரு விரற்கடை தள்ளிப் போவது ஆகியவை வீக்கத்தை அளந்து காட்டும் வீட்டு அளவுகோல்கள். சோதிக்கும் முறை எளிது. மாலையில், முன்காலில் எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி நிதானமாக அழுத்தி எடுக்க வேண்டும். குழி விழுந்து, அது நிரம்பச் சற்று நேரம் ஆனால், அங்கே நீர் கோத்திருக்கிறது. இரண்டு காலிலும் இவ்வாறு அழுத்திப் பார்க்க வேண்டும். எழுந்து நடமாடாமல் படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களுக்குக் கணுக்கால் வடிந்திருந்தாலும், நீர் கீழ்முதுகில், இடுப்புக்குப் பின்புறம் சேர்ந்திருக்கும். அவர்களை ஒருக்களித்துப் படுக்கச் செய்து அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும்.

பழங்காலத்தில் இந்த வீக்கத்தையே ஒரு தனி வியாதியாக எண்ணி வந்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் குடும்பக் கைமருந்தில் கலந்திருந்த பல மூலிகைகளில் ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியே வீக்கத்தை வடியச் செய்கிறதென்று கண்டறிந்து, பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவங்களை 1785-ல் நூலாக வெளியிட்டார். அந்த மருந்து சிறுநீரைப் பெருக்குவதையும் நாடியைத் தணிப்பதையும் அவர் குறித்து வைத்தார். அந்தச் செடி இனத்திலிருந்து வந்த டிஜாக்சின் என்னும் மாத்திரை இன்றும் சில நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. கால் வீங்குவதற்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் வியப்போடு கேட்பவர்கள் உண்டாகையால் இதை இங்கே சொன்னேன்.

எனினும், வீங்கிய கால் எல்லாம் இருதயத்தின் குற்றம் ஆகிவிடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அந்தக் காலின் ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதுவும் அவசரமே, ஆனால் வேறு அவசரம். நாட்பட்ட யானைக்கால் வீக்கம் கெட்டியாக இருக்கும், எளிதில் குழி விழாது. காலையில் கண்ணிமைகளும் முகமும் முதலில் அதைத்து, பிறகு கால் வீங்கினால் சிறுநீரகத்தையும், கால் வீக்கத்துக்கு முன்பே வயிறு பெருத்தால் கல்லீரலையும் சந்தேகிப்பது வழக்கம். இரத்த அழுத்தத்துக்காகப் பலர் உட்கொள்ளும் ஆம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்கிறது. அவர்களுக்கு மூச்சுத் திணறலோ இரவு உபாதையோ இராது. இந்த விஷயத்தை அறிந்த உடனே மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவ்வாறு செய்யலாகாது, வைத்தியரிடம் சொன்னால் அவரே மாற்றித் தருவார்.

இந்த நோயைக் கண்காணிக்க வீட்டில் இருக்கத்தக்க கருவிகளுள், எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இணையாக நான் ஒன்றையும் கருதவில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூன்று நான்கு லிட்டர் நீர் உடம்பில் சேர்ந்துவிடுவதுண்டு. அந்த நீரைக் கண் காணாவிட்டாலும் எடை காட்டிவிடும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காப்பி குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான உடையோடு, ஒரே இயந்திரத்தில், சமதளத் தரையில் நின்று பார்த்த எடையைத் தேதியோடு எழுதி வர வேண்டும். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையன்று, நீர்தான். ஆகாரத்தினால் அவ்வளவு விரைவில் உடம்பு பெருப்பதில்லை. அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நோய் முற்றிய நிலையில் பசி குன்றித் தோளும் தொடையும் மெலிந்துகொண்டே வரும். அதே சமயத்தில் நீர் ஏறிக்கொண்டும் இருக்கும். இழந்த சதையை ஏறிய நீர் ஈடு செய்துவிடுவதால் எடை மாறாமல் நிற்கும். முகமும் கைகளும் வற்றியிருக்க எடை மட்டும் குறையாமல் இருந்தால், அதையும் சந்தேகிக்க வேண்டும்.

வயிற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் நாட்டில் இந்த நோய் வயிற்று உபாதையாகவே கொள்ளப்பட்டு மாதக்கணக்கில் காலம் வீணாகிறது. குடலிலும் கல்லீரலிலும் நீர் தேங்கும்போது இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, மேல்வயிறு உப்பிக்கொள்கிறது, வலப்புற விலாவின் கீழ் கனமாக இருக்கிறது, குமட்டலும் வருகிறது. நோயாளி ‘கேஸ்’ என்கிறார். வீட்டார் ஓமத்தையும் பெருங்காயத்தையும் தேடுகிறார்கள். மருந்துக் கடையில் வயிற்றுப் புண்ணுக்கான மாத்திரை கொடுக்கிறார்கள். வாயுத் தொல்லை மெய்யாகவே பலருக்கும் உண்டு. ஆனால் வாயுவினால் படிகளில் மூச்சு வாங்குவதில்லை, வாயுவினால் கால் வீங்குவதுமில்லை. வயிற்று உப்புசத்தோடு இவ்விரண்டில் ஒன்று சேர்ந்து வந்தாலும், அதை வாயுவென்று தள்ளிவிடும் உரிமை எவருக்கும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். காரணமில்லாத அசதி, அதாவது துணி துவைத்து முடித்தால் அன்றைய தினமே முடிந்துவிட்டது போன்ற சோர்வு, படுத்தால் வரும் வறட்டு இருமல், பகலில் குறைவாகவும் இரவில் மூன்று நான்கு முறையும் சிறுநீர் கழிப்பது, கைகால் சில்லிடுவது, மார்பு படபடப்பது, மிக வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் மறதியும் குழப்பமும். இவற்றில் எதுவும் தனியே நின்று நோயை நிரூபிக்காது. இருதய நோய்க்கே கொடுக்கப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலிய மாத்திரைகளும் வறட்டு இருமலை உண்டாக்குவதுண்டு என்பதால், இருமலைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஃபிராமிங்காம் என்னும் ஊரில், 1948-ல் தொடங்கி ஊர் ஜனங்களையே பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த வைத்திய அறிஞர்கள், 1971-ல் இந்த நோயை நிர்ணயிக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். திடுக்கிட்டு எழுப்பும் இரவுத் திணறல், கழுத்து நாளம் புடைத்தல், நுரையீரலின் அடியில் கேட்கும் நொறுநொறுப்பு ஒலி முதலியவற்றைப் பெரிய லட்சணங்கள் என்றும், இரு கணுக்கால் வீக்கம், இரவு இருமல், வேலையில் மூச்சு வாங்குதல் முதலியவற்றைச் சிறிய லட்சணங்கள் என்றும் பிரித்து, பெரியவை இரண்டோ, பெரியது ஒன்றும் சிறியவை இரண்டுமோ சேர்ந்திருந்தால் நோய் உண்டென்று கொள்ளலாம் என்றார்கள். சிறியவற்றுக்கு வேறு வியாதி காரணமாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் விதித்தார்கள். ஒற்றை அறிகுறியைக் கண்டு அஞ்சுவதும் வேண்டாம், ஒன்று இல்லாததைக் கண்டு நிம்மதி அடைவதும் வேண்டாம் என்னும் அந்த நிதானம் வீட்டாருக்கும் உரியதே.

யார் யார் விசேஷ ஜாக்கிரதையோடு இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 2013-ல் பதினெட்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 இருதயச் செயலிழப்பு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேருக்கு இருதயத்தின் இரத்தக் குழாய் நோயே மூலகாரணமாக இருந்தது. அவர்களுடைய சராசரி வயது 61. இது முதுமையின் இறுதியில் மட்டும் வரும் நோய் என்று எண்ணியிருப்பவர்கள் அந்த வயதைக் கவனிக்க வேண்டும். பல வருஷம் கட்டுப்படாத இரத்த அழுத்தமும், நீரிழிவும், இடைவிடாத மதுப்பழக்கமும், சில புற்றுநோய் மருந்துகளும் இருதயத்தைத் தளரச் செய்கின்றன. சிறுவயதில் தொண்டைப் புண்ணும் அதைத் தொடர்ந்து மூட்டு வலியோடு கூடிய காய்ச்சலும் கண்டவர்களுக்கு இருதய வால்வு சுருங்கிப்போய், இருபது முப்பது வயதிலேயே, பெண்களானால் பெரும்பாலும் கர்ப்பகாலத்தில், மூச்சுத் திணறலாக வெளிப்படுவதுண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரையிலும், முன்பு எந்தக் குறையும் இல்லாத இளம் தாய்க்குக் கூட இருதயம் திடீரென்று தளர்ந்துவிடக்கூடும். பிள்ளைபெற்ற உடம்பு வீங்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அவள் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தான் மட்டும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழித்தால், அந்தச் சொல்லை நம்பி ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

வைத்தியரிடம் சென்றால் அவர் கழுத்து நாளத்தைப் பார்ப்பார், நுரையீரலைக் கேட்பார், ஈ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார். இருதயத்தின் சுவர்கள் இழுபடும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளக்கும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற பரிசோதனையும் உண்டு. அவசரமில்லாத நிலையில் அது மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இந்த நோய்க்கு இடம் குறைவு. பருமனானவர்களுக்கு மட்டும் அது சற்றுக் குறைத்துக் காட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது எக்கோ பரிசோதனை. அதில் ‘பம்பிங்’ எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அது குன்றியதென்று கொள்கிறார்கள். ஆனால் அந்த எண் 60 என்று வந்தவுடன் இருதயத்தில் குறையே இல்லை என்று மகிழ்ந்து திரும்பிவிடுவது பெரும் பிழை. இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயம் சுருங்கும் சக்தி சரியாகவே இருக்கிறது. அது விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்ளும் தன்மையே இறுகிப் போயிருக்கிறது. வயது சென்ற பெண்மணிகளிடமும், இரத்த அழுத்தமும் நீரிழிவும் பருமனும் சேர்ந்தவர்களிடமும் இது மிகுதி. எண் நன்றாக இருந்தும் மூச்சுத் திணறல் தீராவிட்டால், ‘இருதயம் விரிவதில் குறை உண்டா?’ என்று அந்த வைத்தியரையே மரியாதையோடு திரும்பக் கேட்பது நியாயமானதே.

நோய் இருப்பது முன்பே தெரிந்து மருந்து சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று மோசமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். வெளியூர்ப் பிரயாணத்தில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்குமே என்று நீர் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் நாலு நாள் விருந்தில் கூடியிருக்கும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்கியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் பயோகிளிட்டசோன் மாத்திரையும், தண்ணீரில் நுரைத்துக் கரையும் சோடா கலந்த மருந்துகளும் இத்தகையவையே. சளிக்காய்ச்சல், இரத்தசோகை, நாடி தாறுமாறாக ஓடுதல் ஆகியவையும் ஒருவரை மோசமான நிலைக்குத் தள்ளிவிடும்.

சில நிலைகளில் யோசிக்க நேரமில்லை. ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியாத திணறல், ரோஜா நிறமான நுரை கலந்த கோழை, நீலம் பாரித்த உதடு, வியர்த்துச் சில்லிட்ட உடம்பு, நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை, நினைவோடு இருந்து மூச்சுத் திணறும் நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. கட்டிலின் ஓரத்தில் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கு ஒருவர் தாங்கல் கொடுத்து, இரு கால்களையும் கீழே தொங்கவிட வேண்டும். ஆவி பிடிப்பதும், சுக்குத் தண்ணீர் புகட்டுவதும், பக்கத்து வீட்டாரின் நீர் மாத்திரையைக் கொடுப்பதும் பொன்னான நிமிஷங்களை விழுங்கிவிடும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய எக்கோ முடிவையும், எடை எழுதிய நோட்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோனால், இரவு நேரத்தில் முதன்முதலாகப் பார்க்கும் வைத்தியருக்கு அவை பேருதவியாக இருக்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிற தினத்தில் நீர் வடிந்த நிலையில் எத்தனை கிலோ இருக்கிறார் என்பதை அங்கேயே கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் வீட்டு இயந்திரத்திலும் பார்த்து அதனருகே எழுத வேண்டும். இனிவரும் நாட்களின் எடையை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.